சுவரில் டிவி மாட்டுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அக்காள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த 43 அங்குல டிவி, ஒரு நாள் மாலை சுவரை விட்டு விலகி, மேல்பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு முன்னால் சாய்ந்து நின்றது. அதற்கு நேர் கீழே பாயில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து டிவியை இறக்கினோம். பிராக்கெட்டின் மேல் திருகைக் கையால் இழுத்தேன். திருகைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கோடு அப்படியே வந்துவிட்டது. பிளக்கில் ஒட்டியிருந்தது முழுக்கச் சாம்பல் நிறச் சிமெண்ட் தூள். செங்கல்லின் சிவப்பு ஒரு பொட்டுகூட இல்லை. அத்தனை நாளும் அந்த டிவி வெறும் பூச்சில் தொங்கியிருக்கிறது.

வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். உள்சுவர்ப் பூச்சு அரை அங்குலம் என்பது கணக்கு. ஆனால் கட்டும்போது சுவர் சற்றுக் கோணலாக எழும்பியிருந்தால், கொத்தனார் பூச்சில்தான் மட்டம் பிடிப்பார். சில இடங்களில் அது ஓர் அங்குலத்தைத் தொட்டுவிடும். பிராக்கெட்டோடு பெட்டியில் வரும் குட்டைத் திருகு அந்தப் பூச்சைத் தாண்டுவதற்குள் முடிந்துபோகும். பூச்சு போக, செங்கல்லுக்குள் மட்டும் இரண்டு அங்குலமாவது பிளக் இறங்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. தடிமனில் நீளமான நைலான் பிளக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த அளவில் டிரில் பிட்டின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டால், ஆழம் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

துளை போடும்போது வரும் தூளைப் பாருங்கள். ஒரு தாளை மடித்துத் துளைக்குக் கீழே ஒட்டிவிட்டால் தூள் அதில் விழும். முதலில் சாம்பல் நிறம் வரும், அது பூச்சு. பிறகு சிவப்பாக மாறினால் செங்கல்லுக்குள் போய்விட்டீர்கள். சாம்பல் நிறமாகவே தொடர்ந்து, பிட்டும் வழுக்கிக்கொண்டு இறங்கினால், இரண்டு செங்கல்லுக்கு இடையிலுள்ள கலவைச் சந்தில் போகிறீர்கள் என்று பொருள். துளையை ஓர் அங்குலம் மேலோ கீழோ மாற்றுங்கள். வெள்ளை மாவுபோல மெத்தென்று வந்தால் அது ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல். அதற்கென்று தனி பிளக் இருக்கிறது, சாதாரண பிளக் பிடிக்காது. நெய்வேலி இருக்கும் மாவட்டம் நம்முடையது. அனல் மின் நிலையச் சாம்பலில் செய்த செங்கல்லால் கட்டிய சுவர்கள் இங்கே ஏராளம். அங்கே நிறத்தை நம்ப முடியாது, பிட்டுக்குக் கிடைக்கும் எதிர்ப்பைத்தான் கவனிக்க வேண்டும்.

‘கனமான டிவி, அதனால் இரும்பு ஆங்கர் போல்ட் போடுங்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. எல்லாச் சுவருக்கும் அது பொருந்தாது. அந்த போல்ட் இறுக்க இறுக்க உள்ளே விரிந்து சுவரை நெருக்கும். கான்கிரீட் அதைத் தாங்கும். அறைகளுக்கு நடுவே எழுப்பும் நாலரை அங்குலச் சுவரில் செங்கல் பிளந்துவிடும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் வேறு சிக்கல்: சுவர் தடிமனாக இருக்கும், ஆனால் சுண்ணாம்புக் காரையும் நாட்டுச் செங்கல்லும் மென்மையானவை. அங்கே டிரில்லில் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில் பொறுமையாகப் போடுங்கள்.

துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சியும் துடைப்பக் குச்சியும் செருகிச் சரிக்கட்டுவதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். குச்சி காய்ந்து சுருங்கியதும் பிடி போய்விடும். அந்தத் துளையை அடைத்துவிட்டு வேறிடத்தில் புதிதாகப் போடுவதுதான் வழி.

இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட் வாங்குபவர்கள் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். டிவி 15 கிலோ, பிராக்கெட்டின் மேல் போல்ட்டுக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சுவரை ஒட்டிய சாதாரண பிராக்கெட்டில் டிவியின் எடை சுவரிலிருந்து ஏறக்குறைய 5 செ.மீ. தள்ளி நிற்கும்; மேல் போல்ட்டுகளைப் பிடுங்கும் இழுவை நாலு கிலோகூட இல்லை. அதே டிவியைக் கை பிராக்கெட்டில் மாட்டி 50 செ.மீ. வெளியே இழுத்தால் இழுவை 37 கிலோவைத் தாண்டுகிறது. நாலரை அங்குலச் சுவரில் கை பிராக்கெட் வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு.

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள். ஒயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். அந்த அறைக்குக் கரண்ட் போகும் எம்சிபி சுவிட்சை மெயின் போர்டில் அணைத்துவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுங்கள். மறுபக்கம் குளியலறை என்றால் தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் பிட்டை வைக்கவே கூடாது. அந்தச் சுவரில் ஓதமும் இருக்கும். பெயிண்ட் கொப்பளித்து வெள்ளையாக உப்புப் பூத்த இடத்தில் பூச்சு உள்ளே பொருபொருவென்று ஆகியிருக்கும், எந்தத் திருகும் நிற்காது. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் சாதாரண முலாம் பூசிய திருகு சீக்கிரம் துருப்பிடிக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போடுங்கள்.

டிவியின் பின்பக்கத் திருகும் கவனிக்க வேண்டியது. நீளம் கூடினால் உள்ளே போய்ப் பேனலைக் குத்திவிடும். கையால் முடுக்கிப் பார்த்து, கடினமாகும் இடத்தில் நிறுத்துங்கள். உயரத்தைத் தீர்மானிக்கும் முன் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், திரையின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக வரட்டும். ரசமட்டம் வைத்துக் கோடு போட்ட பிறகே துளை.

பிராக்கெட்டை மட்டும் முதலில் முடுக்கி, இரண்டு கையாலும் பலமாகக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். அசைந்தால் டிவியை ஏற்றாதீர்கள். ஏற்றியதும் கீழேயுள்ள பூட்டுக் கொக்கி விழுந்ததா என்று தொட்டுப் பாருங்கள். அது விழாமல் விட்டால் குழந்தை ஒயரைப் பிடித்து இழுத்தாலே டிவி கழன்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் டார்ச் அடித்துப் பின்னால் ஒரு தடவை பாருங்கள். திருகின் தலையிலிருந்து பழுப்புக் கோடு சுவரில் வழிந்திருந்தால் அன்றைக்கே டிவியை இறக்கிவிட்டுத் திருகை மாற்றுங்கள்.