அம்மா வருவதற்கு முன் அலாரத்தைப் பழக்கிவிடுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து டெக்சாஸுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எடுக்கும் வீட்டில் கதவோரமாகத் திருட்டு அலாரத்தின் கீபேட் (எண் பொத்தான் பலகை) இருந்தால், சாமான் இறக்கிய கையோடு அதைக் கவனியுங்கள்.

ஊரில் வீட்டைப் பூட்டினால் சாவி பக்கத்து வீட்டு மைனி கையில் இருக்கும். நாள் கூடுதலாகும் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம். இங்கே அந்த வேலையை அலாரம் கம்பெனியின் கண்காணிப்பு மையம் செய்கிறது. சென்சார் அடித்ததும் மையத்திலிருந்து உங்களைக் கூப்பிடுவார்கள். யாரும் எடுக்காவிட்டால் போலீஸுக்குத் தகவல் போகும். போலீஸ் வந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதினால் அது பொய் அலாரம், உங்கள் கணக்கில் ஏறும்.

எங்கள் வீட்டில் அம்மா வந்த மூன்றாம் நாள். ஊர் நேரம் இன்னும் மாறாததால் விடியற்காலை நாலரைக்கே எழுந்து, புறவாசல் கொண்டியை நீக்கிக் கதவைத் திறந்திருக்கிறாள். கீபேட் பீப் பீப் என்றது. ஃப்ரிட்ஜ்தான் கத்துகிறது என்று நினைத்து, போய் அதன் கதவை அழுத்தி அழுத்தி மூடியிருக்கிறாள். ரகசிய எண்ணை அடித்து நிறுத்த அரை நிமிடம்தான் அவகாசம், அப்புறம் சைரன். "எலே மக்கா, இது என்ன சத்தம்?" என்று காதைப் பொத்திக்கொண்டு அவள் நடுங்கி நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. என் போன் சைலண்டில் கிடந்தது. தெரியாத நம்பர் என்று மனைவி கட் பண்ணிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் போலீஸ். அந்த வருடத்தில் அது எங்களுக்கு நாலாவது, 50 டாலர் கட்டச் சொல்லித் தபால் வந்தது.

டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி, பர்மிட் (அலாரம் வைக்க நகராட்சி தரும் அனுமதி) எடுத்த வீட்டுக்கு 12 மாதத்தில் முதல் மூன்று பொய் அலாரத்துக்கு நகராட்சி அபராதம் போடக் கூடாது. அதற்குமேல் போகப் போக 50, 75, 100 டாலர் என்று ஏறலாம். அலாரம் தெரிவித்து 30 நிமிடத்துக்குள் போலீஸ் வந்து பார்க்காவிட்டால் அதைப் பொய் அலாரமாகக் கணக்கு வைக்க முடியாது. கடிதம் வந்தால் நேரத்தைப் பாருங்கள். வீட்டு பர்மிட் கட்டணம் வருடத்துக்கு 50 டாலரைத் தாண்டக் கூடாது. ஊருக்கு ஊர் தொகை மாறும், உங்கள் நகராட்சியிலேயே கேட்டுவிடுங்கள்.

இதைப் பணம் பிடுங்குவதாக நினைக்காதீர்கள். அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட காவல்துறை வழிகாட்டி ஒன்று, அலாரம் அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் பொய் என்கிறது. ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் இரண்டு போலீஸ்காரர்கள், சுமார் 20 நிமிடம். அந்த நேரத்தில் வேறொரு வீட்டில் யாரோ உண்மையாகவே உதவிக்குக் காத்திருக்கலாம். சால்ட் லேக் சிட்டி 2000-லேயே, ஆள் நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் போலீஸ் வரும் என்று மாற்றிவிட்டது. டொராண்டோ 2018-லும் சியாட்டில் 2024-லும், நேரில் பார்த்தவர், கேமரா என்று ஏதாவது ஒரு சான்று இருந்தால்தான் போலீஸ் வரும் என்று மாற்றின. அங்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

பெரும்பாலான பொய் அலாரம் நம் கைப்பிழையில் வருகிறது. ஆடியில் ஆரல்வாய்மொழிக் காற்றுக்குக் கதவு கிடந்து அடிக்குமே, அப்படி ஆடும் கதவில் காந்த சென்சார் நிற்காது. கொண்டி முழுதாக விழுகிறதா என்று பாருங்கள். ஏசி காற்றில் ஆடும் திரையும், பிறந்தநாளுக்குக் கட்டிய பலூனும் அசைவு சென்சாரை எழுப்பிவிடும். பேட்டரி இறங்கினாலும் தொல்லைதான். சாம்பிராணிப் புகைக்கு அடிப்பது புகை அலாரம், மையத்தோடு இணைந்திருந்தால் அது தீயணைப்பு வண்டியை வரவழைக்கும், அதன் கணக்கு வேறு.

மையத்தின் நம்பரைப் பெயர் போட்டு போனில் சேமித்து, சைலண்டிலும் அடிக்கும்படி வையுங்கள். இரண்டாவது நம்பராகத் தூங்கினாலும் போன் எடுக்கிற ஒருவருடையதைக் கொடுங்கள். அவர்கள் கேட்கும் ரகசியச் சொல் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். வீட்டில் ஆள் இருக்கும்போது அசைவு சென்சார் அடங்கியிருக்கும் 'ஸ்டே' முறையில் போடுங்கள். அபராதத்துக்குப் பயந்து அலாரத்தை ஒரேயடியாக அணைத்துப் போடாதீர்கள். உண்மையிலேயே ஆள் நுழைந்திருந்தால் மையத்தின் அழைப்புக்குக் காத்திருக்காமல் நீங்களே 911-ஐக் கூப்பிடுங்கள்.

பெரியவர்கள் வந்தால், விமான அசதி தீருமுன்பே கையைப் பிடித்துக் கீபேடில் நாலு தடவை அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் மையத்துக்கு போன் செய்து சோதனை முறையில் போடச் சொன்னால், சைரன் அடித்தாலும் போலீஸ் வராது. எங்கள் புறவாசல் கதவில், அம்மாவின் கண்மட்டத்தில், தமிழில் எழுதி ஒட்டிய தாள் இப்போதும் இருக்கிறது: "அம்மா, திறக்குமுன் என்னை எழுப்பு."