கீமோவுக்கு நடுவே ஒரு வாசிப்புக் கூட்டு: ஆரம்பிப்பது எப்படி, நடத்துவது எப்படி

புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன புக் அது?" எந்த இடத்தில் கட்டி, எத்தனையாவது ஸ்டேஜ், வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், இதெல்லாம் அவர் கேட்கவே இல்லை. "இப்ப எப்படி இருக்கு" என்ற கேள்விக்கு நாளைக்கு இருபது தடவை பதில் சொல்லி வாய் சலித்துப்போயிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆசுவாசம் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அப்படித் தொடங்கி நான்கு பேர் ஆனோம், ஏழு வருடமாகச் சேர்ந்து படிக்கிறோம். உங்களுக்கும் அப்படி ஒரு கூட்டு வேண்டும் என்றால் இதைப் படியுங்கள். எங்களுக்குச் சரிப்பட்டது, நாங்கள் சொதப்பியது இரண்டுமே இருக்கிறது.

ஆளைப் பிடிப்பதில் இருந்து ஆரம்பிக்கலாம். மூன்று பேருக்குக் குறையவும் வேண்டாம், ஆறு பேரைத் தாண்டவும் வேண்டாம். எந்த நாளை எடுத்தாலும் பாதிப் பேர் படுத்திருப்பார்கள், அதனால் இரண்டே பேர் என்றால் அடிக்கடி ஒருவர் தனியாகிவிடுவார். ஆறுக்கு மேல் போனால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் பின்னால் ஒளிந்துகொண்டு, கடைசியில் காணாமலே போய்விடுவார்கள். ஆள் கிடைக்க நல்ல இடம் கீமோ வார்டைவிட ரேடியேஷன், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை வரிசைதான். கீமோவுக்கு இரண்டு வாரத்துக்கோ மூன்று வாரத்துக்கோ ஒரு தடவை போகிறோம், போகும்போதெல்லாம் வேறு முகங்கள். ரேடியேஷனுக்குப் பெரும்பாலும் வாரத்தில் 5 நாள் போகவேண்டும், அதுவும் பலருக்கு 3 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட, கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு. பத்தாவது நாளில் எல்லோரும் பழைய பஸ் சிநேகிதிகள் மாதிரி ஆகிவிடுவோம். கையில் புத்தகமோ வாரப் பத்திரிகையோ வைத்திருப்பவரைப் பார்த்து உட்காருங்கள். புத்தகத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள், நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் அவரே சொல்வார். நர்ஸிடம் போய் "யாராவது படிக்கிறவங்க இருந்தா நம்பர் கொடுங்க" என்று கேட்காதீர்கள், அவர்கள் கொடுக்கக் கூடாது. உங்கள் நம்பரை எழுதி நர்ஸிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், விருப்பமிருப்பவர் கூப்பிடட்டும்.

எல்லோருக்கும் ஒரே வகைப் புற்றுநோயாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். சிகிச்சை முடித்தவரும், நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவி வாழ்நாள் முழுக்க மருந்தில் இருக்கப்போகிறவரும் ஒரே கூட்டில் இருப்பார்கள். அங்கே "இதெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும், கவலைப்படாதீங்க" என்று ஒருத்தி சொன்னால் இன்னொருத்திக்கு அது முள். நான் சொல்லியிருக்கிறேன். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, மூன்று வாரம் குழுவில் பேசவும் இல்லை.

அப்புறம் நேரம். எந்தப் புத்தகம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் மருந்து நாளைக் குழுவில் போட்டுவிட வேண்டும். 21 நாளுக்கு ஒருமுறை மருந்து ஏறும் சுழற்சி என்றால் எங்கள் அனுபவத்தில் இப்படி இருந்தது. மருந்தோடு தரும் ஸ்டீராய்டின் தயவில் முதல் இரண்டு நாள் தூக்கமே வராது, நடுராத்திரி இரண்டு மணிக்குக் கண் பளிச்சென்று இருக்கும், அந்த நேரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம். மூன்றாம் நாளிலிருந்து ஐந்து, ஆறாம் நாள் வரை ஆளே தரையில். ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை பலருக்குத் தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் என்பதால் நேரில் சந்திப்பு கிடையாது, குரல் மட்டும்தான். மூன்றாவது வாரம் மனுஷியாக எழுந்து உட்காருவோம். உங்கள் மருந்துக்கு இது வேறு மாதிரி இருக்கலாம், ஒரு குறிப்பேட்டில் இரண்டு சுழற்சி எழுதிப் பார்த்தால் உங்கள் கணக்கு பிடிபட்டுவிடும். யாருக்காவது இருமல், சளி என்றால் அன்றைக்கு நேரில் வரவே கூடாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் புத்தகத்தை மூடிவிட்டு அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், "விடியட்டும் பாக்கலாம்" என்பது கூடவே கூடாது.

நான்கு பேரின் நான்கு நாட்காட்டியை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எல்லோருக்கும் பொதுவான நல்ல நாள் மாதத்தில் ஒன்றுகூடச் சரியாகத் தேறவில்லை. அதனால் கூட்டம் போடுவதையே விட்டுவிட்டோம். வாட்ஸாப்பில் குரல் பதிவு போடுகிறோம். முடிந்தவர் முடிந்தபோது பேசுவார், மற்றவர்கள் முடிந்தபோது கேட்பார்கள். ஒரே ஒரு சட்டம்தான்: ஏன் பதில் போடவில்லை என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது.

இனி படிக்கும் பாடு. புத்தகப் பைத்தியங்களாக இருந்த எங்களுக்கு வந்த பெரிய அதிர்ச்சி, படிக்கவே முடியாமல் போனது. ஒரே வரியை மூன்று தடவை படிப்பேன், நான்காவது பக்கத்தில் "யாருடா இந்த மனுஷன்" என்று இருக்கும். கீமோ மூளை என்று சொல்வார்கள். கீமோவோடு அசதி, தூக்கமின்மை, பயம், சிலருக்கு ஹார்மோன் மாத்திரை எல்லாம் சேர்ந்து கவனத்தையும் ஞாபகத்தையும் மந்தமாக்கிவிடும். பலருக்குச் சிகிச்சை முடிந்த பிறகு மெல்ல மெல்லச் சரியாகிறது, சிலருக்கு நாளாகிறது. எனவே ஆயிரம் பக்க நாவலைத் தூக்கிக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். சிறுகதை, கடிதங்கள், பயணக் கட்டுரை, கவிதை, குட்டிக் குட்டி அத்தியாயங்கள் உள்ள நாவல் இவையெல்லாம் தாங்கும். நாவல்தான் வேண்டும் என்றால் பாத்திரங்களின் பெயரையும் யாருக்கு யார் என்ன உறவு என்பதையும் ஒரு அட்டையில் எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவர் வாரம் ஒருமுறை "இதுவரை கதை" என்று இரண்டு நிமிடம் பேசிப் போடுவார். சுருக்கம் சொல்கிறேன் என்று ஆரம்பித்து வில்லனைத் திட்டுவதில் முடிப்பார், அதற்காகவே காத்திருப்போம். இன்னொரு வழியும் உண்டு. பதினைந்து பதினாறு வயதில் படித்து மயங்கிய புத்தகத்தை இப்போது மறுபடி படிப்பது. கதை ஏற்கெனவே உள்ளே இருப்பதால் ஞாபகத்துக்கு வேலை குறைவு. அந்த வயதில் யாருக்காக அழுதோமோ அவளைப் பார்த்து இப்போது எரிச்சல் வருவதும் நடக்கும், பேசத் தீனி நிறைய.

கண்ணால் முடியாத நாட்களுக்குக் காது இருக்கிறது. ஒலிப்புத்தகம் கேட்கலாம், ஆனால் எங்களுக்குப் பிடித்தது ஒருவருக்கொருவர் வாசித்து அனுப்புவது. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வாய்ப்புண் வந்திருப்பவரிடம் வாசிக்கச் சொல்லாதீர்கள், தண்ணீர் குடிப்பதே அவருக்குப் போராட்டம்.

புத்தகம் என்ற பொருளே சிலசமயம் படுத்தும். மார்பக அறுவை முடிந்த புதிதில், அதிலும் அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கை கனக்கும், தடிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு படுக்க முடியாது. மடியில் ஒரு தலையணை, அதன்மேல் புத்தகம் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் கூட்டில் ஒருவர் ஒரு குண்டு நாவலை முதுகோடு கத்தியால் அறுத்து நான்கு துண்டாக்கிவிட்டார். ஒருநாள் முழுக்க நான் அவரோடு பேசவில்லை, புத்தகத்தைக் கொலை செய்தவர் மாதிரிதான் தெரிந்தார். மறுநாள் "அந்த ரெண்டாவது துண்டு உங்ககிட்ட இருக்கா அக்கா" என்று கேட்டவளும் நான்தான். சில மருந்துகள் விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும், பக்கம் புரளாது. பணம் எண்ணுகிறவர்கள் விரலில் மாட்டும் ரப்பர் உறை அதற்கு நன்றாக உதவுகிறது. கண் உலர்ந்து எரிந்தாலும் ஓயாமல் நீர் வடிந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படியுங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பூஞ்சை பிடித்த, தூசி படிந்த பழைய புத்தகங்களைத் திறக்காதீர்கள். அந்த வாசனையில் சொக்கிப்போகிற ஆள்தான் நானும், ஆனால் பூஞ்சை அப்போது நுரையீரலுக்கு ஆபத்து.

இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்: உயிராக நேசிக்கும் புத்தகத்தைக் கீமோவுக்கு எடுத்துப்போகாதீர்கள். குமட்டலும் அந்தப் புத்தகமும் மனதில் ஒட்டிக்கொள்ளும். என் பதினேழு வயதிலிருந்து கூட இருந்த ஒரு நாவலை நான் அப்படித்தான் இழந்தேன், இன்றைக்கும் அதன் அட்டையைப் பார்த்தால் வாயில் உலோகச் சுவை ஏறுகிறது. மருந்து நாளுக்குக் குறுக்கெழுத்து, ஜோக், பழைய வார இதழ் போதும். பிறகு அது பிடிக்காமல் போனாலும் நஷ்டமில்லை.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க முறை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனோ அறுவையோ அடுத்து யாருக்கு வருகிறதோ அவருக்கே தேர்வு உரிமை என்பது எங்கள் முறை. ஏற்கெனவே படித்தவர் யாராவது இருந்தால் அதில் புற்றுநோய்ச் சாவோ குழந்தையின் சாவோ வருகிறதா என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். "எனக்கு இது வேண்டாம்" என்று யார் சொன்னாலும் காரணம் கேட்காமல் அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவோம். நோயை மனவலிமையால் வென்றேன் வகைப் புத்தகங்கள் எங்களுக்குப் பரிசாக வந்து குவிந்தன, ஒன்றைக்கூட முடிக்கவில்லை. வெல்லாதவர்களுக்கு மனவலிமை இல்லை என்றா அர்த்தம்? 1978இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் இந்த மாதிரிப் பேச்சை எதிர்த்து, நோயைப் போராகவும் குணக்கேடாகவும் உருவகப்படுத்துவதை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் அவர், ஆனால் தன் கதையை அதில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அது சரியா தப்பா என்று எங்களுக்குள் இரண்டு வாரம் சண்டை ஓடியது.

புற்றுநோயைப் பற்றியே படிக்கக்கூடாது என்றும் இல்லை. ஃபேனி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியைக்கு 1811இல் பாரிஸில் மார்பை அகற்றினார்கள். மயக்க மருந்தெல்லாம் வராத காலம். அந்த அனுபவத்தை அக்கா எஸ்தருக்கு நீண்ட கடிதமாக எழுதினார். எழுதி முடிக்க மாதக்கணக்கில் ஆனது, எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவரால் முடியவில்லை. 1840 வரை உயிரோடு இருந்தார். நாங்கள் அந்தக் கடிதத்தைப் படித்த இரவு யாருமே தூங்கவில்லை. ஆனால் தழும்பைப் பற்றி முதன்முதலாக வாய்விட்டுப் பேசியது மறுநாள் காலையில்தான், அதுவரை ஒருவருக்கொருவர் மறைத்துத்தான் வைத்திருந்தோம்.

பேசுவது எப்படி? ஆசிரியர் சொல்லவரும் கருத்து என்ன என்று பரீட்சை வைக்காதீர்கள். எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தீர்கள், இந்தக் கதையில் யார் வீட்டில் ஒரு வாரம் தங்குவீர்கள், யாரை வாசலோடு அனுப்பிவிடுவீர்கள், இப்படிக் கேட்டால் பேச்சு தானாக வரும். கதையிலிருந்து சொந்த வாழ்க்கைக்கு அது எப்போதாவது வழுக்கி இறங்கும். "அவ வீட்ல யார்கிட்டயும் சொல்லாம இருந்தது எனக்குப் புரியுது" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள், உடனே "நீங்களும் அப்படித்தானா?" என்று பாயாதீர்கள். அவர் மறுபடி பாத்திரத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள இடம் விடுங்கள்.

மருந்து ஆலோசனை, மூலிகை, உணவு முறை இவற்றுக்கு வேறு குழு வைத்துக்கொள்ளுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையையே கெடுக்கக்கூடியவை, அதை டாக்டரிடம்தான் கேட்கவேண்டும். ஸ்கேன் முடிவுக்காக ஒருவர் காத்திருக்கும் நாளில் "எல்லாம் நல்லபடியா வரும்" என்று யாரும் போடுவதில்லை, இருப்பதிலேயே அசட்டுத்தனமான கதையைத் தேடி வாசித்து அனுப்புவோம்.

கடைசியாக, பேசத் தயங்கும் விஷயம். எங்களில் ஒருவர் மூன்றாவது வருடத்தில் இறந்துபோனார். அதற்கு நாங்கள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. இரண்டு வாரம் குரல் வராதபோது, ஏன் என்று கேட்கக்கூடாது என்ற எங்கள் சட்டத்தை மதித்துச் சும்மா இருந்தோம். செய்தி வேறு யார் மூலமோ வந்தது. எனவே நீங்கள் முதல் மாதத்திலேயே ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் ஒரு நம்பரை வாங்கிவையுங்கள், குழுவுக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு யாருக்கு என்று அந்த வீட்டுக்காரருக்கும் தெரியட்டும். இரவல் புத்தகத்தில் பெயர் எழுதுங்கள். குரல் பதிவுகளைச் சேமிக்கலாமா, பிறகு பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று அவரவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், போன் மாற்றினால் பதிவுகள் போய்விடக்கூடும் என்பதால் தனியாக நகல் எடுங்கள். அவரோடு பாதியில் நின்ற நாவலை உடனே முடிக்கவேண்டும் என்றும் இல்லை. எங்களுடையது இன்னும் பாதியில்தான் இருக்கிறது, கத்தியால் அறுத்த நான்கு துண்டில் மூன்றாவது அவர் வீட்டில் இருக்கிறது. கேட்டு வாங்க எங்களுக்கு மனசு வரவில்லை.

புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது போனவரைப் பற்றி முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஆனால் அவர் இடத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்ற எண்ணத்தை உண்டாக்காதீர்கள். முதல் புத்தகத்தை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். எங்களிடம் வந்தவர் ஒரு துப்பறியும் கதையைச் சொன்னார். நான் அதை எப்போதோ படித்திருந்ததை மறந்து, மூன்றாவது அத்தியாயத்திலேயே கொலையாளியின் பெயரைக் குழுவில் போட்டுவிட்டேன். கீமோ மூளை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "அதெல்லாம் செல்லாது அக்கா, சிகிச்சை முடிஞ்சு ஆறு வருஷமாச்சு" என்றார்.