துளசி இலையின் முடிக்குள் என்ன இருக்கிறது? வீட்டிலேயே பார்க்கலாம்

பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள், பள்ளிக் கண்காட்சிக்கு இலைத் தூவிகளை, அதாவது இலைமேல் இருக்கும் நுண்ணிய முடிகளைக் காட்ட வேண்டும் என்று வந்து நின்றாள். டிரைக்கோம் என்று பாடத்தில் வருவது இதுதான். மூன்று ஞாயிறு வீணாகி, நாலாவது ஞாயிறுதான் சரியாக வந்தது.

தேவை: புது சவர பிளேடு (ஒரு விளிம்பில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்), கண்ணாடி ஸ்லைடு, செல்லோ டேப், ஒரு நுண்ணோக்கி. போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் எனக்குப் பிடிக்கவில்லை. கை நடுங்கினால் எல்லாம் மங்கல். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு காட்டும். இந்த வேலைக்கு அது தாராளம்.

1. முதலில் கத்தரி இலை. அடிப்பக்கத்தில் டேப்பை ஒட்டி உரித்து ஸ்லைடில் ஒட்டுங்கள். நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரியும். இவை சுரக்காத தூவிகள். சின்னப் பூச்சிகள் இலையை எளிதில் நெருங்க முடியாமல் வேலி போட்ட மாதிரி நிற்கும்.

2. அடுத்து துளசி. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். திருவந்திபுரம் கோயிலில் கிடைத்த துளசி மாலையிலிருந்து இலை கிள்ளி, நன்றாகக் கழுவி, துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வெறும் பச்சை. இரண்டு வாரம் லென்ஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என் கையில். துளசியின் சுரப்பித் தூவியில் எண்ணெய் செல்லுக்குள் தங்குவதில்லை; வெளியே வந்து, சுரப்பியைப் போர்த்திய மெல்லிய மெழுகுப் படலத்துக்கு (கியூட்டிக்கிள்) அடியில் கொப்புளம் மாதிரி தேங்கி நிற்கும். தொட்டால் உடையும். பூச்சி கடித்தாலும் அப்படித்தான், வாயில் யூஜினால் கலந்த காரம் ஏறும். கிராம்பில் இருக்கிற அதே யூஜினால். மாலை கட்டும்போதே பாதி உடைந்திருக்கும், மீதியை நான் துடைத்துவிட்டேன்.

ஆகவே செடியிலிருந்து காம்போடு பறியுங்கள், கழுவாதீர்கள். இலையைப் படுக்கவைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஊடுருவாது. நூல் அளவு மெல்லியதாகச் சீவி, வெட்டுப் பக்கம் தெரியும்படி ஒருக்களித்து வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். ஓரத்தில் கூரான முடிகளும், நடுவே குண்டூசித் தலை போன்ற சுரப்பிகளும் தெரியும்.

3. கற்பூரவல்லிக்கும் இதே முறைதான். அதன் எண்ணெயில் கார்வக்ரால், தைமால் என்ற வாசனைப் பொருள்கள் உண்டு. ஓமத்திலும் தைமால் இருப்பதால், அதற்கு ஓமவல்லி என்றும் பெயர் வைத்தவர்கள் மூக்கை நம்பியே சரியாக வைத்திருக்கிறார்கள்!

4. எல்லாம் பார்த்து முடித்த பிறகு, ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். தண்ணீரில் கரையாத எண்ணெய் அதில் கரையும். முன்னாடியே விட்டுவிட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

நுண்ணோக்கி இல்லாதவர்கள் தக்காளித் தண்டை விரலால் உருவிப் பாருங்கள். பச்சை கலந்த மஞ்சள் பிசுக்கு ஒட்டும். அதுவும் தூவிச் சரக்குதான்.

பின்சேர்க்கை: காஞ்சொறியைப் பார்க்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். தேவனாம்பட்டினம் போகும் வழியில் பறித்தவர் ஒருவருக்குக் கை தடித்துவிட்டதாம். அதன் முடி முனையில் கால்சியம் ஆக்சலேட் ஊசி இருக்கிறது. தோலைக் குத்தி, எரிச்சல் தரும் சாற்றை உள்ளே விடும். இடுக்கியால் மட்டும் பிடியுங்கள். பட்டுவிட்டால் தேய்க்க வேண்டாம், அதே செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் முடிகள் அதோடு வந்துவிடும்.