கச்சானுக்கு ஒரு வேலை, வாடைக்கு ஒரு வேலை: திருகோணமலைப் பாடசாலைகளில் வகுப்பறைக் காற்றைக் கவனிப்பது எப்படி?

வகுப்பறைக் காற்று பற்றி இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் குளிர்நாட்டுக் கதை. ஹீட்டர், கார்ப்பெட், பனிக்காலம் முழுக்கப் பூட்டிய யன்னல். நமக்கு அதில் பாதி உதவாது. திருகோணமலையில் ஆண்டுக்கு இரண்டு காற்று. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றான கச்சான்: சூடு, வறட்சி, புழுதி. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குக் காற்றான வாடையும் மாரியும்: ஈரம், ஒழுக்கு, பூஞ்சணம். எந்த வேலையை எந்த மாதம் செய்வது என்பதை இந்த இரண்டு காற்றும்தான் தீர்மானிக்கின்றன.

நான் பொறியியலாளர் இல்லை. பிள்ளை படிக்கும் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து, சிரமதானத்துக்குப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டவை இவை. ஆரம்பிக்கும் முன் அதிபரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் யன்னலைத் திறந்தது யார் என்ற கேள்வியிலேயே வேலை நின்றுவிடும்.

படி 1: மூக்கோடு ஒரு சுற்று

கருவி வாங்குவது பிறகு. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, வகுப்புகளைத் திறக்கும் நேரத்துக்குப் போங்கள். இரண்டு நாள் பூட்டிக் கிடந்த அறை தன் குறையை ஒளிக்காது. கதவு திறந்ததும் வாசலில் நின்று முதல் மூச்சில் என்ன மணக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு நிமிடம் உள்ளே நின்றால் மூக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு எழுதுவதில் பயனில்லை.

நனைந்த சாக்கு மணம் என்றால் எங்கோ பூஞ்சணம் இருக்கிறது. மூக்கைக் குத்தும் மூத்திர வாடை என்றால் சீலிங்குக்கு மேலே வௌவாலோ புறாவோ குடியிருக்கலாம். அந்த எச்சத்தைக் காய்ந்தபடியே கூட்டி அள்ளாதீர்கள். அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

அப்புறம் கண். சீலிங்கில் தேநீர்க் கறை போல வளையம் இருக்கிறதா, சுவரின் அடியில் சுண்ணாம்பு உரிகிறதா, அலுமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஆசிரியர்களிடம் கேளுங்கள்: எந்த வகுப்பில் இருமல் அதிகம்? முட்டு உள்ள பிள்ளை எந்த அறையில் இருக்கிறது? வீட்டில் நன்றாக இருந்துவிட்டு இங்கே வந்தால் தும்முகிற பிள்ளை யார்?

படி 2: யன்னலை எண்ணுங்கள், ஆனால் திறக்கிற யன்னலை மட்டும்

கடற்கரையோரப் பாடசாலைகளில் இதுதான் பெரிய வில்லங்கம். உப்புக் காற்று பிணைச்சலை அரித்துவிடும். மரச் சட்டம் மாரியில் ஊதி இறுகிவிடும். யாரோ ஒருவர் ஒரு நாள் ஆணி அடித்துவிடுவார். பார்த்தால் எட்டு யன்னல், திறப்பது மூன்று. ஒரு போத்தல் எண்ணெய், கொஞ்சம் கிறீஸ், ஒரு சனிக்கிழமை. இந்தப் பட்டியலிலேயே மிகக் குறைந்த செலவில் மிகக் கூடிய பலன் தருவது இதுதான்.

எவ்வளவு திறப்பு வேண்டும்? ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் தரம், இயற்கைக் காற்றை நம்பும் அறைக்குத் தரைப்பரப்பில் 4 சதவீதமாவது திறக்கவேண்டும் என்கிறது. 20 அடிக்கு 20 அடி வகுப்பென்றால் 400 சதுர அடி. அதற்கு 16 சதுர அடி. நம் வெக்கைக்கு அது போதாது, இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருக்கவேண்டும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அறையின் நடுவில் பிடித்துப் பாருங்கள். புகை ஒரு பக்கமாக ஓடினால் சரி. நின்ற இடத்திலேயே சுற்றினால் காற்றோட்டம் இல்லை. பெரும்பாலும் யன்னலை மறைத்து ஒரு அலுமாரி நிற்கும்.

மின்விசிறி வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றும். ஏசியும் அப்படித்தான். கணினி அறைகளில் மாட்டியிருக்கும் சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றைக் குளிரவைக்குமே தவிரப் புதுக்காற்று தராது. கணக்குப் போட்டே பார்க்கலாம். 25 அடி நீளம், 20 அடி அகலம், 10 அடி உயரமான அறை ஏறத்தாழ 140 கன மீற்றர். உட்கார்ந்திருக்கும் பிள்ளை மணிக்குச் சுமார் 15 லீற்றர் காபனீரொட்சைட்டை வெளிவிடும். 35 பிள்ளைகள் என்றால் 525 லீற்றர். காற்றே கசியாத அறை என்று வைத்துக்கொண்டால், வெளியில் இருக்கும் 420 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) பத்தே நிமிடத்தில் ஆயிரத்தைத் தாண்டும். 40 நிமிடப் பாடம் முடியும்போது ஏறத்தாழ மூவாயிரம். நிஜத்தில் கொஞ்சம் கசியும், ஆனாலும் மூன்றாம் பாடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்கு ஆசிரியர் மட்டும் காரணமில்லை என்பது தெரிகிறதல்லவா? ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஐந்து நிமிடம் கதவு, யன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். ஏசி இருக்கிறதே என்று முறைப்பார்கள். முறைக்கட்டும்.

படி 3: கச்சான் மாதங்களில் புழுதி

நம் பாடசாலைகளில் காலை மணி அடிக்கும் முன் பிள்ளைகளே வகுப்பைக் கூட்டுவது பழக்கம். நல்ல பழக்கம், தவறான நேரம். அசையாத காற்றில் 10 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தூசி ஒரு மீற்றர் கீழே இறங்க ஐந்தாறு நிமிடம் போதும். 2.5 மைக்ரோன் தூசிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேண்டும். ஏழேகாலுக்குக் கூட்டினால் முதற்பாடம் முழுக்க அதையே சுவாசிப்பார்கள். கூட்டுவதைப் பாடசாலை விடும் நேரத்துக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் தும்புத்தடியை வைத்துவிட்டு ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். கரும்பலகைக்கும் ஈரத்துணிதான். டஸ்டரை யன்னல் கம்பியில் தட்டுவதை நிறுத்துங்கள். அந்தத் தூள் அப்படியே உள்ளே திரும்பும்.

மேற்குப் பக்கம் மண் மைதானம் இருந்தால் கச்சான் அதை நேரே வகுப்புக்குள் அள்ளிக் கொட்டும். தண்ணீர் தெளிக்கச் சொல்லமாட்டேன்; அந்த மாதங்களில் கிணறே அடிமட்டத்தில் இருக்கும். மாரி தொடங்கும்போது மைதான ஓரத்தில் பூவரசங்கம்பு நட்டு வேலியாக விடுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று வருடம் ஆகும்.

குப்பை எரிப்பதையும் விடுங்கள். சருகைக் குழியில் போட்டு உரமாக்கலாம். பிளாஸ்ரிக்கை எரித்தால் வருவது நச்சுப்புகை.

படி 4: மாரிக்கு முன் கூரை

செப்டெம்பர் முடிவதற்குள் கூரையில் ஏறிப்பார்க்கத் தெரிந்த ஒருவரை ஏற்றுங்கள். பீலியில் சருகு அடைத்தால் தண்ணீர் பின்வாங்கிச் சுவருக்குள் இறங்கும். அதே பீலியில் தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். இரண்டு தொல்லைக்கும் ஒரே துப்புரவு.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற்றாக இருந்தால் கவனம். நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987 இல் தடைசெய்தது. கூரைச் சீற்றில் இருப்பது வெள்ளை வகை. அதுவும் புற்றுநோயை உண்டாக்குவதுதான். உடையாமல் அசையாமல் இருக்கும் சீற் உடனடி ஆபத்து இல்லை. துளைபோடுவது, அரம் வைப்பது, கம்பிப் பிரஷால் பாசி உரசுவது, உடைத்துக் கீழே எறிவது: இவைதான் நாரைக் காற்றில் கலக்கும். பிள்ளைகள் இல்லாத நாளில், நனைத்து, முழுச் சீற்றாகக் கழற்றத் தெரிந்தவரிடம் விடுங்கள். சிரமதானத்தில் செய்யும் வேலை அல்ல.

மழை உள்ளே வந்துவிட்டால், நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்க வேண்டும். அதைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் நம் கரையைக் கடந்ததே, அப்படியொரு இரவுக்குப் பிறகு முதலில் ஓடவேண்டியது நூலகத்துக்கு. மேசையைத் துடைத்தால் காயும், புத்தகம் காயாது.

சுவரில் பூஞ்சணம் இருந்தால் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் காயவிடுங்கள். ஆனால் ஒழுக்கை அடைத்த பிறகு. நாங்கள் ஒரு முறை பரிசளிப்பு விழா அவசரத்தில் பூஞ்சணத்தின் மேலேயே பெயின்ற் அடித்தோம். இரண்டே மாதத்தில் அதே படம் அதே இடத்தில் தெரிந்தது. பெயின்ற் காசு போனதுதான் மிச்சம்.

படி 5: வாசனையும் புகையும்

சுருக்கமாக மூன்று. மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையும் குளோரினையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும். பெயின்ற் வேலையை விடுமுறையின் முதல் வாரத்தில் முடியுங்கள், கடைசி வாரத்தில் வேண்டாம். மாலை வகுப்புகளில் நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள்: ஒரு திரி வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003 இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. யன்னலுக்கு வலை அடித்தால் போதும்.

படி 6: காசு மிஞ்சினால் கருவி

முதலில் ஈரப்பத மீற்றர், மலிவு. பூட்டிய அறையில் 60 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணத்தைத் தேடுங்கள். மாரியில் வெளியிலேயே அதைவிடக் கூடத்தான் காட்டும், அதனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தது காபனீரொட்சைட்டு மீற்றர். வாங்கும்போது அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் என்டிஐஆர் உணரி உள்ளதா என்று கேளுங்கள், மற்றவை ஊகக்கணக்கு.

நுண்துகள் மீற்றர் கடைசி. மலிவான வகை ஈரக்காற்றில் நீர்த்துளியையும் தூசியாக எண்ணும், அதனால் மழைநாளில் அது காட்டும் சிவப்பைப் பார்த்துப் பதறாதீர்கள். ஆனால் அது தேவைப்படும் நாளும் உண்டு. 2022 டிசம்பரில் வடகிழக்கிலிருந்து வந்த மாசு நாட்டை மூடி, 9 ஆம் திகதி அரச பாடசாலைகளுக்கே விடுமுறை விட்டார்கள். 2.5 மைக்ரோன் வரையான நுண்துகளின் 24 மணிநேரச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்ன அளவு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம். இலங்கையின் 2008 தரம் 50. ஐம்பதைத் தாண்டும் நாளில் மேலே சொன்ன யன்னல் பாடம் தலைகீழ்: வாடை வரும் பக்க யன்னல்களைச் சாத்துங்கள், மைதான விளையாட்டை நிறுத்துங்கள்.

படி 7: கொப்பி

எழுதியதைத் திகதியோடு வைத்திருங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கோ பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ போகும்போது, "காற்றுச் சரியில்லை" என்பதைவிட "8பி வகுப்பு, தெற்குச் சுவர், மூன்று திங்கட்கிழமையாகச் சாக்கு மணம், படம் இணைப்பு" என்பது வேலை செய்யும்.

கொப்பியை அதிபர் அறை அலுமாரிக்குள் வைக்காதீர்கள். திறப்புகள் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், பேனையோடு கட்டித் தொங்கவிடுங்கள். தினமும் அறைகளைத் திறக்கும் சிற்றூழியர்தான் அந்த முதல் மூச்சை எடுக்கிறவர். எங்கள் கொப்பியில் பாதிக்கு மேல் அவருடைய கையெழுத்துத்தான்.