லாலாங் புல் வெட்ட மலிவான மெஷின்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக்குப் பின்னால் காய்கறி போடுகிறவர்கள் புல்வெட்டும் மெஷின் வாங்கப் போனால், விலைக்கு முன்னால் "கார்புரேட்டர், ஸ்டார்ட்டர் கயிறு தனியாகக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கிடைக்காதென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சின்ன நிலத்துக்கு 26 சிசி இன்ஜின் போதும். எஸ்டேட்டில் முதுகில் மாட்டுகிற பெரிய மெஷின் நமக்கு எதற்கு? வெட்டுகிற நைலான் கயிறு இளம்புல்லுக்குத்தான். முற்றிய லாலாங்குக்கு இரும்பு பிளேடு மாட்ட வசதி வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும்; 25:1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. நான் ஒருமுறை மறந்துபோய் வெறும் பெட்ரோலை ஊற்றினேன். பிஸ்டன் இறுகிவிட்டது, அப்புறம் பாராங் கத்தியோடுதான் மல்லுக்கட்டு. ஒரு மாதம் சும்மா வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள், கார்புரேட்டர் அடைக்காது.