கடனைப் பாதியாக்கித் தருகிறோம் என்று போன் வந்தால்

"இஎம்ஐயை நிறுத்துங்கள், எங்களுக்கு மாதாமாதம் ஃபீஸ் கட்டுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." சென்னையில் கிரெடிட் கார்டு பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இப்படி போன் வருவது சகஜமாகிவிட்டது. இஎம்ஐ நின்றால் வட்டியும் அபராதமும் உங்கள் தலையில்தான் ஏறும், ஃபீஸ் வாங்கியவர் தலையில் அல்ல.

தி.நகரோ தாம்பரமோ, கடன் கொடுத்த வங்கியிடம் நீங்களே பேசலாம். முதலில் தவணைக் காலத்தை நீட்டிக்கக் கேளுங்கள். செட்டில்மென்ட்தான் (பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டி கணக்கை முடிப்பது) வழி என்றால், சரி, அதை ஒப்புக்கொள்ளும் வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுங்கள். ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறிவிடும்; அப்புறம் வீட்டுக்கடன் கிடைப்பது சிரமம்.

எழுத்துமூலம் புகார் கொடுத்து 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைத்தால் அதையும் புகாரில் எழுதுங்கள்.