முதல் சுளை யாருக்கு? மகிழ்ச்சிக் கவிதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டையில் மாதம் ஒரு ஞாயிறு மாலை ஏழெட்டுப் பேர் கூடிக் கவிதை வாசிப்போம். சாரல் தொடங்கிவிட்ட குஷியில், ஆனி மாதக் கூட்டத்துக்கு "உங்களுக்குச் சந்தோஷம் தருவது எதுவோ அதை எழுதி வாருங்கள்" என்று சொல்லியிருந்தேன். ஐந்து கவிதைகள் வந்தன. நான்கு கடைசி வரியில் அழுதன. மழையில் நனைந்து ஆடிய கவிதை முதியோர் இல்லத்தில் போய் முடிந்தது. இன்னொன்றில் நாய்க்குட்டி செத்துப்போனது. விசாரித்தால், அது வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

எனக்குக் கோபம் வந்தது. கோபப்படுகிற தகுதி எனக்கு இல்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இதே வேலையைத்தான் செய்தேன்.

ஒற்றுப்பிழை, சந்திப்பிழை பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அதைத் திருத்திக் கொடுக்க ஊரில் ஆள் இருக்கிறது.

பாட்டுக்குள் பொது அறிவு

ஒரு தம்பி, மலை தாண்டிக் கேரளத்துப் புனலூருக்குப் போகிற ரயிலைப் பற்றி எழுதி வந்தான். 1904-இல் போட்ட பாதை, மீட்டர் கேஜ், கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலம், 2010-இல் நிறுத்தி 2018-இல் அகலப் பாதையில் திரும்ப விட்டது. எல்லாம் சரியான தகவல். ஸ்டேஷன் சுவரில் எழுதி வைக்கலாம்.

"உனக்கு எந்த இடத்திலப்பா சந்தோஷம்?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். "பகவதிபுரம் தாண்டினதும் பெரிய குகை வரும்லா சார். உள்ள போனதும் பெட்டியே சேந்து ஊளை விடும். ஒரு தடவை ஓணத்துக்குப் பூ கொண்டுபோன ஆச்சி ஒருத்தி எல்லாரையும் விடப் பெருசா ஊளை விட்டா."

"அதை ஏன் எழுதலை?"

"அதெல்லாம் கவிதையா சார்?"

பாலத்துக்கு எத்தனை கண் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆச்சி ஊளை விட்டது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி இரண்டு வரியில் அழுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்த ஒன்றில்தான்.

என் சித்தி பலாப்பழம் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். திண்ணையில் சாக்கை விரித்து, கத்திக்கும் இரண்டு கைக்கும் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். பழத்தை இரண்டாகப் பிளந்ததும் நடுத்தண்டில் பால் கசியும். அதைத் தேங்காய் நாரால் வழித்து எடுப்பாள். பிறகு தண்டைச் சீவிவிட்டு, பழத்தை வெளிப்பக்கமாக வளைப்பாள். சுளைகள் தாமாகவே எழுந்து நிற்கும். சுளை கெட்டியான நல்ல வருக்கைப் பலாவாக இருந்தால் விரல் பட்டதும் சுளை 'டப்' என்று கழன்று வரும். கொட்டை எல்லாம் சொளகில், அதாவது முறத்தில். அது மறுநாள் குழம்புக்கு.

இதை எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் முடிக்கும்போது கை நடுங்கியது. வெறும் பலாப்பழத்தோடு விட்டால் "என்னப்பா, சமையல் குறிப்பா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். கனம் வேண்டும் என்று தோன்றியது. அதனால் கடைசியில் இரண்டு வரி சேர்த்தேன்: ஊருக்கெல்லாம் சுளை கொடுத்தவள் தன் நாக்கில் ஒன்றைக்கூட வைத்துப் பார்த்ததில்லை என்கிற மாதிரி.

ஒரு கவியரங்கில் வாசித்தேன். கைதட்டு பலமாக இருந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் சித்தி இருந்தாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏலே, நான் எப்பம்ல திங்காம இருந்தேன்? மொதச் சுளையே எனக்குத்தான்."

உண்மை. பிளந்ததும் முதலில் கழன்று வரும் சுளையைக் கண்ணை மூடிக்கொண்டு தானே தின்பாள். அதற்கு அப்புறம்தான் எங்களுக்கு. சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி. அவளுடைய மொத்தச் சந்தோஷமும் அந்த ஒரு சுளையில் இருந்தது. அதைத்தான் நான் பிடுங்கி எறிந்துவிட்டு, அவளைத் தியாகி ஆக்கியிருந்தேன். கைதட்டு வாங்கியது என் பொய்.

அடுத்த வருஷம் பழம் வெட்டும்போது என்னைக் கூப்பிடவில்லை. "அவனைக் கூப்பிட்டா இதையும் எழுதி நம்மளச் சாவடிச்சிருவான்" என்று தம்பியிடம் சொன்னாளாம். அதற்கு அடுத்த வருஷமும் கூப்பிடவில்லை. இரண்டு சீசன் பலாப்பழம் போனது எனக்கு.

சந்தோஷம் மட்டும் இருந்தால் கவிதை லேசாகிவிடும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மனசில் எழுந்து உடம்பில் தெரியும் உணர்ச்சியை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, தொல்காப்பியர் எட்டு சொல்கிறார். அழுகை ஒன்று, உவகை என்கிற மகிழ்ச்சி ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி இடம். உவகை பிறக்கும் காரணமாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்று நான்கைச் சொல்லி, அதை 'அல்லல் நீத்த உவகை' என்கிறார். அல்லலை நீக்கி வைத்ததை நாம் ஏன் பின்வாசல் வழியாகத் திரும்பக் கூட்டி வருகிறோம்? புலன் என்றால் அறிவு என்று உரை உண்டு. பலாச்சுளை விஷயத்தில் நான் அதை நாக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

நிஜமாகவே சோகம் கலந்திருந்தால் எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அது முதல் வரியிலிருந்தே எங்காவது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். கடைசி வரியில் திடீரென்று ஆம்புலன்ஸில் வந்து இறங்காது. என் வழக்கம் இது: எழுதி முடித்ததும் கடைசி இரண்டு வரியைக் கையால் மறைத்துவிட்டு வாசித்துப் பார்ப்பேன். பத்தில் ஏழு தடவை கவிதை அங்கேயே முடிந்திருக்கும்.

அம்மாவை 'அன்னை' ஆக்குவது

வீட்டில் பப்படம் பொரிகிறது. கவிதையில் அது அப்பளம். வீட்டில் ஆச்சி, தாளில் மூதாட்டி. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பேச்சில் மலை தாண்டி வந்த சொல்லும் இருக்கும், திருநெல்வேலிச் சொல்லும் இருக்கும். அந்தச் சொல்லோடுதான் சந்தோஷமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லை இஸ்திரி போட்டால் வாசனை போய்விடும். அதற்காக வரிக்கு ஒரு மலையாளச் சொல்லைத் தூவி எல்லைப்புறக் கவிஞர் என்று காட்டிக்கொள்வதும் வேண்டாம். அது வேறொரு ஒப்பனை.

'சாரல் முத்தமிட்டது'

பக்கத்து மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் அருவித் திரையை வானம் வரை எழுப்பி, சூரியனின் குதிரைக் காலையும் தேர்ச் சக்கரத்தையும் வழுக்க வைத்துவிட்டார். அந்தப் பாட்டில் மகிழ்ச்சி என்று ஒரு சொல் கிடையாது. அதே அருவிக்கரையில் நின்றுகொண்டு முத்தம் என்கிறோம்.

ஆச்சரியக்குறி

ஒன்றுகூட வேண்டாம்.

எழுதிய அன்றைக்கே குரூப்பில் போடுவது

ஒரு வாரம் பொறுங்கள். நாலு பேர் கைதட்டும் படத்தைப் போட்டுவிட்டால் அப்புறம் ஒரு வரியை வெட்டவும் கை வராது.

சம்பந்தப்பட்டவரிடம் காட்டாமல் இருப்பது

மூன்றாவது வருஷம் சித்தியே கூப்பிட்டாள். கடைசி இரண்டு வரியை அடித்துவிட்டு, அவள் கண்ணை மூடி முதல் சுளையைத் தின்பதோடு முடித்திருந்த தாளை எடுத்துப் போனேன். எண்ணெய்க் கையோடு இருந்ததால் என்னையே வாசிக்கச் சொன்னாள். கேட்டு முடித்தவள் சொளகைப் பார்த்தாள்.

"கொட்டையைத் துப்பினதையும் எழுதுலே."